கையெழுத்து இதழ்

கையெழுத்து இதழ் என்பது, எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் சிலர் ஒன்றுகூடி, தம் கதை, கவிதை, கட்டுரைகளைக் கையாலேயே எழுதித் தொகுத்து, தமக்குள் சுற்றுக்கு விட்டுப் படிக்கும் இதழ் ஆகும். கையெழுத்துப் பத்திரிகை, கையெழுத்துச் சஞ்சிகை, கையெழுத்து ஏடு என்னும் பெயர்களாலும் இது வழங்கப்படுகிறது. பெரும்பாலும் ஓர் இதழுக்கு ஒரே ஒரு படிதான் இருக்கும். அதற்கு விலை இல்லை; எழுதியவர்க்கு ஊதியமும் இல்லை. எழுதுபவர்களே வாசகர்கள், வாசகர்களே எழுதுபவர்கள் என்பதே இதன் தனித்தன்மை எனலாம்.

கையால் எழுதப்படும் இதழ்கள் அனைத்தும் இவ்வகையில் அடங்குவதில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தி முசல்மான்' என்னும் உருது நாளிதழ், தேர்ந்த எழுத்துக் கலைஞர்களால் கையால் எழுதப்பெற்று, பின்னர் அச்சிடப்பெற்று விற்பனைக்கு வந்த இதழாகும். அங்கே கையெழுத்து, அச்சுக் கோப்பதற்கு மாற்றாக அமைந்தது. இக்கட்டுரை கூறும் கையெழுத்து இதழோ அச்சகத்துக்கே செல்லாதது.

இயங்கும் முறை

கையெழுத்து இதழ் தொடங்கப் பெரிய முதலீடு எதுவும் வேண்டியதில்லை. முழுநீளத் தாள்கள், பேனா, தைப்பதற்கு ஊசியும் நூலும் இருந்தால் போதும். குழுவில் ஒருவர் ஆசிரியர் பொறுப்பை ஏற்பார். உறுப்பினர்கள் எழுதித் தரும் ஆக்கங்களைத் திரட்டி, அழகிய கையெழுத்து வாய்த்த ஒருவர் படியெடுப்பார். படம் வரையத் தெரிந்தவர் அட்டையை நீர்வண்ணத்தில் தீட்டுவார். சில குழுக்களில் ஒவ்வொருவரும் தம் கையெழுத்திலேயே எழுதித் தருவதும் உண்டு. அப்போது இதழின் பக்கங்கள் ஒன்றுபோல் ஒன்று இராது என்றாலும், யார் எழுதியது என்பதை எவரும் மறைக்க இயலாது.

தைத்து முடிந்த இதழ் கைமாறிக் கைமாறிச் செல்லும். ஒருவர் இத்தனை நாளுக்குள் படித்து அடுத்தவரிடம் சேர்க்கவேண்டும் என்று முறை வைத்துக்கொள்வர். இதழின் இறுதியில் சில வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்து, படித்தவர்கள் தம் கருத்தை அங்கேயே எழுதுமாறு செய்வதும் உண்டு. கையெழுத்து இதழின் உயிர்நிலை இப்பக்கங்களே. அச்சிதழுக்கு அனுப்பிய கதை திரும்பி வரும்போது, அது ஏன் திரும்பியது என்பது எழுதியவருக்குப் பெரும்பாலும் தெரியவருவதில்லை. கையெழுத்து இதழிலோ இரண்டாம் பத்தி சலிப்பூட்டுகிறது என்றோ, முடிவை முன்பே ஊகிக்க முடிந்தது என்றோ பெயர் சொல்லி எழுதிய குறிப்பு கிடைக்கிறது. குறிப்பை எழுதியவரின் கதையும் அதே இதழில் இருப்பதால், கடுமைக்கும் ஓர் எல்லை தானாகவே அமைந்துவிடுகிறது. கையெழுத்து இதழை அச்சேறாதவர்களின் ஆறுதல் என்று மட்டும் மதிப்பிடுவது பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

கார்பன் தாளைப் பயன்படுத்திச் சில படிகள் எடுக்கலாம். மெழுகுத்தாளில் எழுதி உருளை கொண்டு படியெடுக்கும் பொறி பரவியபின், நூற்றுக்கணக்கில் படிகள் எடுப்பது எளிதாயிற்று. இதனைத் தமிழகத்தில் சைக்ளோஸ்டைல் என்றும், இலங்கையில் ரோனியோ என்றும் அழைத்தனர். படிகள் பெருகியதும் எழுதாத வாசகர்கள் வரத் தொடங்குகின்றனர். இதழின் இயல்பும் மாறிவிடுகிறது.

ஆசிரியரின் நிலை

கையெழுத்து இதழ்கள் நின்றுபோவதற்குப் பணத்தட்டுப்பாட்டைவிட ஆக்கத்தட்டுப்பாடே பெருங்காரணம். 'ஆலிசின் அற்புத உலகம்' என்னும் நூலால் புகழ்பெற்ற லூயிசு கரோல் (இயற்பெயர் சார்லசு டாட்சன்) இதற்கு நல்ல சான்று. பதினொரு பிள்ளைகள் கொண்ட அவரது குடும்பத்தில் 1840களில் 'ரெக்டரி மேகசின்' என்னும் வீட்டு இதழ் நடைபெற்றது. தொடக்கத்தில் ஆக்கங்கள் வந்து குவிந்தன. உடன்பிறந்தோர் பெரும்பாலோர் எழுதினர். பின்னர்த் தொடங்கிய 'ரெக்டரி அம்ப்ரெல்லா' இதழை அனைவரும் பாராட்டினர், ஆனால் எழுதித் தருவார் ஒருவரும் இல்லை. முழுவதையும் அவர் தனியாகவே நிரப்ப நேர்ந்தது. இவ்வரலாற்றை அவர் 'மிஷ்மாஷ்' என்னும் தம் பிந்திய கையெழுத்து ஏட்டின் முன்னுரையில் நகைச்சுவையுடன் பதிவு செய்துள்ளார். இதழ் நடத்தியோர் பலருக்கும் இது தம் கதையாகவே தோன்றக்கூடும். அவரது 'ஜபர்வாக்கி' என்னும் பாடலின் முதற்பகுதி 1855 இல் எழுதப்பெற்று இந்த 'மிஷ்மாஷ்' ஏட்டில்தான் இடம்பெற்றது. அது நூலில் அச்சேறியது 1871 இல்.

ஜப்பானில்

கையெழுத்து இதழ் ஒரு நாட்டின் இலக்கியப் போக்கையே மாற்றியதற்கு ஜப்பான் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. 1885 ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஒசாகி கோயோ, யமாடா பிம்யோ முதலிய மாணவர்கள் 'கென்யூஷா' என்னும் குழுவை அமைத்தனர். அப்போது கோயோவுக்கு வயது 17. அவர்கள் நடத்திய 'கராகுதா புங்கோ' என்னும் இதழின் பெயருக்கு உதிரிப்பொருள் நூலகம் என்பதுபோலப் பொருள் கொள்ளலாம். முதலில் இது உறுப்பினர்களுக்குள் சுற்றிவந்த கையெழுத்து இதழாகவே இருந்தது. 1886 இல் உறுப்பினர்களுக்கு மட்டுமான அச்சிதழாகவும், 1888 இல் பொதுவிற்பனைக்குரிய இதழாகவும் வளர்ந்தது. இக்குழுவினரே பின்னர் ஜப்பானியப் புதின உலகில் செல்வாக்குப் பெற்றனர். ஒத்த ஆர்வமுடையோர் கூடித் தாமே இதழ் வெளியிடும் வழக்கம் அந்நாட்டில் இன்றுவரை தொடர்கிறது. சித்திரக்கதை ஆர்வலர்களின் பெருஞ்சந்தைகளும் அதன் தொடர்ச்சியே.

தமிழில்

தமிழ்ச் சூழலில் கையெழுத்து இதழ், பள்ளிக்கூடத்தையும் வாசகசாலையையும் ஒட்டி வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1943 இல் உருவான மறுமலர்ச்சிச் சங்கத்து இளைஞர்கள் முதலில் கையெழுத்து இதழே நடத்தினர். 1946 முதல் 1948 வரை 'மறுமலர்ச்சி' அச்சிதழாக வெளிவந்தது. வரதர் என அறியப்பட்ட தி. ச. வரதராசன், அ. செ. முருகானந்தன் ஆகியோர் இதன் முன்னணியில் இருந்தனர். ஈழத்து இலக்கிய வரலாற்றில் அக்காலப்பகுதியையே மறுமலர்ச்சிக் காலம் என்று வழங்குவர். தமிழகத்தில் மு. கருணாநிதி மாணவராக இருந்தபோது திருவாரூரில் 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942 இல் அவர் தொடங்கிய 'முரசொலி'யும் முதலில் துண்டறிக்கையாகவே வெளிவந்தது. பெயர் பெற்றோரின் ஏடுகள் மட்டுமே இவ்வாறு நினைவுகூரப்படுகின்றன. ஒரு வகுப்போடும் ஓர் ஊரோடும் முடிந்துபோன எண்ணற்ற இதழ்களின் பெயர்கூட எஞ்சவில்லை.

வெடெம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாசிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமில் (இன்றைய செக் குடியரசு) நடைபெற்ற 'வெடெம்' இதழ், இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. செக் மொழியில் இச்சொல்லுக்கு 'நாம் முன்னே செல்கிறோம்' என்பது பொருள். முன்னர்ப் பள்ளியாக இருந்த ஒரு கட்டடத்தில் ஓர் அறையில் தங்கவைக்கப்பட்ட சிறுவர்கள் 1942 டிசம்பரில் இதனைத் தொடங்கினர். பெரும்பாலோர் 13 முதல் 15 வயதினர். வால்டர் ஐசிங்கர் என்னும் ஆசிரியர் அவர்களுக்கு ஊக்கமளித்தார். இதழாசிரியராக இருந்த பீட்டர் கின்ஸ் என்னும் பிராகா நகரச் சிறுவனுக்கு அப்போது வயது 14.

இதழ் வாரந்தோறும் ஒரே படியாக ஆயத்தம் செய்யப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் அறையில் கூடியமர்ந்து, எழுதியவர்கள் தத்தம் ஆக்கங்களை உரக்கப் படித்தனர். கவிதை, கட்டுரை, நகைத்துணுக்கு, படங்கள் ஆகியவற்றோடு, முகாமின் அடுமனை, தீயணைப்பு நிலையம், பிணம் எரிக்கும் கூடம் ஆகியவற்றை நேரில் சென்று கண்டு எழுதிய கட்டுரைகளும் இடம்பெற்றன. தொடக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட இதழ், தட்டச்சுப் பொறியின் மைநாடா தீர்ந்தபின் கையாலேயே எழுதப்பட்டது. ஆக்கத்தட்டுப்பாடு இங்கும் இருந்தது. போதிய ஆக்கங்கள் வராதபோது கின்ஸ், வீட்டிலிருந்து தனக்கு வந்த உணவுப்பொதியிலிருந்து பங்கு கொடுத்து எழுதவைத்ததாக உயிர்பிழைத்தோர் கூறியுள்ளனர். பசி நிலவிய முகாமில் உணவு என்பது எத்தகைய விலை என்பதை விளக்க வேண்டியதில்லை.

1944 இலையுதிர் காலத்தில் சிறுவர்களுள் பெரும்பாலோர் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். இதழும் நின்றது. கின்ஸ் அங்கே கொல்லப்பட்டான். அறையில் வெவ்வேறு காலங்களில் இருந்த ஏறத்தாழ நூறு சிறுவர்களுள் 15 பேரே போருக்குப்பின் உயிருடன் இருந்தனர். தெரேசினிலேயே எஞ்சியிருந்த ஸ்டெனெக் டாவ்சிக் என்னும் சிறுவன், சுமார் 800 பக்கங்களைக் கொல்லுலை ஒன்றில் மறைத்துவைத்து, 1945 மே மாதத்தில் முகாம் விடுவிக்கப்பட்டபின் வெளியே கொண்டுவந்தான். செக்கோசிலோவாக்கியாவில் கம்யூனிச ஆட்சி நிலவியவரை இதனை முறையாக வெளியிட இயலவில்லை. 1990களிலேயே தேர்ந்தெடுத்த பகுதிகள் நூலாயின.

பாதுகாப்பு

ஒரே படியாக இருப்பதால் கையெழுத்து இதழ் தொலைந்தால் தொலைந்ததுதான். நூலகங்களும் அச்சிட்டவற்றையே பெரிதும் சேர்த்தன. எனவே கையெழுத்து இதழ் பிழைப்பது யாரேனும் ஒருவரின் பெட்டியில் அது கிடப்பதைப் பொறுத்ததாகிறது. இங்கிலாந்தின் பிரான்டி உடன்பிறப்புகள் 1829, 1830 ஆம் ஆண்டுகளில் தம் பொம்மைப் போர்வீரர்கள் படிப்பதற்கென்று தீப்பெட்டியினும் சிறிய அளவில், அச்செழுத்தைப்போல் நுணுக்கி எழுதி இதழ்கள் தயாரித்தனர். அவற்றுள் 14 வயதில் சார்லட் பிரான்டி எழுதிய ஓர் இதழை, 2019 இல் பாரிசில் நடந்த ஏலத்தில் பிரான்டி இல்ல அருங்காட்சியகம் 6,00,000 யூரோவுக்கு வாங்கியது. அவர் பின்னாளில் 'ஜேன் அயர்' எழுதியிராவிட்டால் அத்தாள்களை எவரும் சேமித்திருப்பரா என்பது ஐயமே.