எபோலாவும் இறந்தோர் அடக்கமும்: 'பண்பாட்டுத் தடை' என்னும் கருத்து குறித்த மானிடவியல் நோக்கு

கொள்ளைநோய்க் காலங்களில் எழுதப்படும் சுகாதார அறிக்கைகளில் 'பண்பாட்டுத் தடை' என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறும். மருத்துவக் குழு கூறியதை மக்கள் ஏற்கவில்லையெனில் அவர்தம் வழக்கங்களே அதற்குக் காரணம் என்று இத்தொடர் முடிவு கட்டிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் எபோலா பரவிய இடங்களில் நிகழ்ந்த மானிடவியல் ஆய்வுகள் இம்முடிவு எவ்வளவு அவசரமானது என்பதைப் புலப்படுத்தியுள்ளன. இறந்தோரை அடக்கம் செய்யும் முறை பற்றிய ஆய்வுகள் இவ்வகையில் முதன்மையானவை.

எபோலா, நோயாளியின் குருதி முதலிய உடல்நீர்மங்கள் வழியே தொற்றுவது. இறந்தவர் உடலில் வைரஸின் அளவு மிகுந்திருக்கும். ஆதலின் உடலைக் கழுவுவதும் தழுவி அழுவதும் பெரும் இடர் தருவனவாகும். புதிய தொற்றுகளில் குறைந்தது 20 விழுக்காடு அடக்கத்தின்போது நிகழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2014 நவம்பரில் அறிவித்தது. எனவே வழக்கம் மாறவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதனை யார், எவ்வாறு மாற்றுவது என்பதிலேயே சிக்கல் எழுந்தது.

அச்சோலி மக்களின் 'கெமோ'

வட உகாண்டாவின் குலு மாவட்டத்தில் 2000 ஆம் ஆண்டு எபோலா பரவியது. 425 பேர் நோயுற்றனர். 224 பேர் இறந்தனர். அங்கு ஆய்வு செய்த பேரி ஹியூலெட் என்னும் மானிடவியலாளர், அச்சோலி மக்கள் நோயை ஒரே வகையில் விளக்கவில்லை என்பதைக் கண்டார். தொடக்கத்தில் அதனை வழக்கமான நோயாகக் கருதி, நாட்டு மருத்துவரிடமும் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றனர். இறப்புகள் பெருகியபின் அது 'கெமோ' என வகைப்படுத்தப்பட்டது. கெமோ என்பது திடீரென வந்து பலரை ஒருசேரத் தாக்கும் ஆவி.

ஆவி நம்பிக்கை என்ற அளவில் இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கெமோ என்று அறிவிக்கப்பட்டவுடன் நடைமுறைக்கு வரும் விதிகள் கருதத்தக்கவை. நோயாளியைத் தனி வீட்டில் வைத்தல் வேண்டும். முன்பு அந்நோய் கண்டு பிழைத்தவரே பணிவிடை செய்தல் வேண்டும். நோயுள்ள வீட்டை யானைப்புல் தண்டுகளை நட்டு அடையாளப்படுத்துதல் வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்வதும் கூடி ஆடுவதும் விலக்கப்படும். நோய் நீங்கியவரும் ஒரு திங்கள் முழுதும் தனித்திருப்பார். பிற காலங்களில் இறந்தவர் உடலைக் கழுவும் கடமை தந்தையின் உடன்பிறந்தாளுக்கு, அதாவது அத்தைக்கு உரியது. கெமோ காலத்தில் அக்கடமை பிழைத்தவருக்கோ முதியவருக்கோ மாறும். உடல் ஊர் எல்லையில் புதைக்கப்படும். தொற்றியல் வல்லுநர் பரிந்துரைக்கும் விதிகளோடு இவற்றை ஒப்பிட்டால் பெரிதும் ஒத்திருத்தல் காணலாம்.

மருத்துவக் குழுவினரோ இறந்தவர்களை உறவினர் காணாதவாறு பையிலிட்டு, விமானத்தளத்தை அடுத்த நிலத்தில் புதைத்தனர். உடலுறுப்புகள் களவாடப்படுகின்றன என்ற பேச்சு ஊரில் பரவியதில் வியப்பில்லை. பையைத் திறந்து முகத்தைக் காணவும் புதைகுழிவரை உடன் செல்லவும் உறவினரை விட்டிருந்தால் அவ்வச்சத்தைத் தவிர்த்திருக்கலாம் என ஹியூலெட் கருதினார். இதனால் அச்சோலி வழக்கம் அனைத்தும் நன்மையே விளைத்தது என்று கொள்ளுதல் கூடாது. நாட்டு மருத்துவர் தோலைக் கீறி மருந்திடுவது தொற்றுக்கு வழியாகும். வழக்கத்தைப் போற்றுவதோ பழிப்பதோ மானிடவியலின் பணியன்று. எது எந்நிலையில் என்ன செய்கிறது என்று பிரித்தறிவதே அதன் பணி.

மேற்கு ஆப்பிரிக்கா

குலுவில் கற்றது கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 2014 இல் உடனே பயன்படவில்லை. அங்கு 28,600 பேருக்கு மேல் நோயுற்று 11,300 பேருக்கு மேல் இறந்தனர். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்க ஆணையிடப்பட்டது. எரியூட்டும் வழக்கமே இல்லாத அம்மக்கள் இறந்தோரை மறைத்துப் புதைத்தனர்; நோயுற்றோரை மருத்துவ மையங்களுக்கு அனுப்பத் தயங்கினர். நோயைக் கட்டுப்படுத்த இட்ட ஆணை நோயைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்தது.

சியரா லியோனில் நெடுங்காலம் ஆய்வு செய்த பால் ரிச்சர்ட்ஸ், அடக்கச் சடங்கு துயரத்தின் வெளிப்பாடு மட்டுமன்று என விளக்கினார். மணவுறவால் இரு குடும்பங்களுக்கிடையே நிலவும் கடமைகள் அச்சடங்கில்தான் தீர்க்கப்படுகின்றன. அதனைத் தடை செய்தால் உயிருடன் இருப்போரின் உறவுகளே முறிகின்றன.

கினியின் கிஸ்ஸி மக்களிடையே கருவுற்ற பெண் ஒருவர் எபோலாவால் இறந்த நிகழ்வு இதனைத் தெளிவாக்கும். கருவை அகற்றாமல் புதைத்தல் அவர்கள் மரபில் பெரும் பிழை. அகற்றுதலோ மருத்துவ நோக்கில் உயிருக்கு இடர். மானிடவியலாளர் ஜூலியன் அனோகோ, ஊர்ப் பெரியோரிடம் வினவி, அப்பிழைக்குக் கழுவாய்ச் சடங்கு ஒன்று அம்மரபிலேயே உண்டு என்று அறிந்தார். அதற்கான செலவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. சடங்கு நிகழ்ந்தது, கருவை அகற்றாமலேயே உடல் பாதுகாப்பாகப் புதைக்கப்பட்டது.

2014 இன் பிற்பகுதியில் அந்நிறுவனம், செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு, கிறித்தவ, இசுலாமிய அமைப்புகள் ஆகியவற்றோடு கலந்து வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பிலேயே 'பாதுகாப்பான' என்பதோடு 'மாண்புமிக்க' என்னும் சொல்லும் இடம்பெற்றது.

நம்பிக்கையின்மையின் வேர்

எனினும் சடங்குகளை அறிந்துவிட்டால் சிக்கல் தீரும் என்பதும் குறைபட்ட பார்வையே. மருத்துவரும் மானிடவியலாளருமான பால் ஃபார்மர், அடக்க வழக்கங்களைப் பற்றிய மிகைப்பேச்சு, மருத்துவரும் மருந்தும் இல்லாத வறுமையை மறைக்கிறது என்று தொடர்ந்து வாதிட்டார். காங்கோ சனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் 2018 இல் தொடங்கிய பரவல் அவர் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. பெனி, புட்டெம்போ நகரங்களில் அவ்வாண்டு செப்டம்பரில் 961 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், நான்கில் ஒரு பங்கினர் எபோலா என ஒன்று இல்லையென்றே நம்பினர். உள்ளூர் அதிகாரிகள் தம் நலனுக்காகச் செயற்படுவதாகக் கருதியோர் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரே. நம்பிக்கை குறைந்தோர் தடுப்பூசியையும் மருத்துவத்தையும் நாடுவது குறைவாக இருந்தது.

பல ஆண்டுகளாக ஆயுதக் குழுக்களின் படுகொலைகளுக்கு உள்ளான நகரம் பெனி. 2018 டிசம்பரில் எபோலாவையும் பாதுகாப்பின்மையையும் காரணம் காட்டி, நாட்டின் தலைவர் தேர்தலில் அந்நகர மக்களின் வாக்களிப்பு மார்ச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டது. புதிய தலைவர் பதவியேற்கவிருந்தது ஜனவரியில். அறிவிப்பு வெளியான மறுநாள் பெனியில் எபோலா நோயாளிகளுக்கான மையம் ஒன்று கூட்டத்தினரால் தாக்கப்பட்டது. அடக்கச் சடங்கிற்கும் அத்தாக்குதலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.