முதற்படையைத் தேர்ந்தெடுத்தல்

சதுரங்கப் பலகையின் முன் அமரும் எவர்க்கும் படையைத் தேர்ந்தெடுக்கும் கவலை இல்லை. இரு பக்கத்தும் குதிரை இரண்டு, காலாள் எட்டு. அரசனும் அமைச்சனும் தத்தம் கட்டத்தில் நிற்கின்றனர். யார் அமர்ந்தாலும் அதே படைதான். இதனின் வேறான ஓர் ஆட்டம் உண்டு. அதில் காய்களை நாமே வாங்க வேண்டும். நாமே ஒட்ட வேண்டும். நாமே வண்ணம் தீட்ட வேண்டும். அதற்கெல்லாம் முன்னதாக, பத்திருபது படைகளுள் நமக்கு உரியது எது என்று நாமே முடிவு செய்யவும் வேண்டும். மேலை நாடுகளில் பெருகி, இப்போது மும்பை இளைஞர் சிலரையும் பற்றிக்கொண்டுள்ள சிற்றுருவப் போர் விளையாட்டே அது.

தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாழும் நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் கைப்பேசித் திரையில் இவ்விளையாட்டைக் கண்டு மனம் பறிகொடுக்கின்றான் என்று கொள்வோம். முதற் சம்பளத்தின் ஒரு பகுதியை அதற்கெனவே எடுத்து வைக்கின்றான். முழுப்படை ஒன்றைத் திரட்டப் பல்லாயிரம் ரூபாய் ஆகும். தேர்வு பிழைத்தால் அப்பெட்டி கட்டிலுக்கடியில் பிரிக்கப்படாமலே கிடக்கும். பணத்தோடு ஆர்வமும் போய்விடும். ஆகவே முதற்படையைத் தேர்வது எவ்வாறு என்பதை நாம் சற்று விரிவாகவே நோக்குவோம்.

முதலில் ஆட்டம் இன்னதென்பதைச் சொல்லிவிடுவது நலம். ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள வீரர்கள் மேசைமீது நிறுத்தப்படுவர். கட்டங்கள் கிடையா, அளவுநாடாவால் அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்த வேண்டும். அடி பட்டதா, கவசம் காத்ததா என்பதைப் பகடை கூறும். ஒவ்வொரு வீரனுக்கும் அணிக்கும் இத்தனை புள்ளி என்று விலை உண்டு. இருவரும் ஒரே கூட்டுத்தொகை வருமாறு படை அமைப்பர். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட போர்ப்பயிற்சி விதிகளும், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து 1913-இல் எழுதிய சிறு நூலும் இதற்கு முன்னோடிகள். அமெரிக்காவில் 1971-இல் வந்த ‘செயின்மெயில்’ என்னும் விதிநூல் மந்திரவாதியையும் வேதாளத்தையும் இக்களத்தில் இறக்கியது. 1983-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட ‘வார்ஹாமர்’ அக்கற்பனை உலகத்தை உலகெங்கும் பரப்பிற்று.

புதியவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: ‘எந்தப் படை வலிமை மிக்கது?’ இக்கேள்வியைக் கைவிடுதலே நல்ல தொடக்கம் என்பது நம் கருத்து. வார்ஹாமரின் இன்றைய கற்பனைப் போர்வடிவமான ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ 2015-இல் வந்தது. அதன் புதிய பதிப்புகள் 2018, 2021, 2024 என மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளிவந்துள்ளன. இடையிடையே புள்ளிக் கணக்கும் திருத்தப்படுகின்றது. இன்று வெல்ல இயலாததெனப் பேசப்படும் படை, நாம் அதனை ஒட்டி வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் சாதாரணமாகிவிடக்கூடும். அதற்கும் மேலாக ஒன்று நிகழ்வதுண்டு. நான்காம் பதிப்பு வந்த 2024-இல், ‘பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ்’ என்னும் விலங்கு மாந்தர் படை இவ்வாட்டத்திலிருந்து விலக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வலிமை கருதி வாங்கியவர்க்கு அது பேரிழப்பு. உருவத்தின் அழகு கருதி வாங்கியவரோ வேறு விதிநூலை வைத்து அதே பொம்மைகளால் ஆடலாம். அலமாரியில் வைத்துப் பார்த்தும் மகிழலாம்.

எனவே கண்ணுக்கு இனிய படையே முதற்படை என்று சொல்லி முடித்துவிடலாமோ? முடியாது. எண்ணிக்கை என்று ஒன்று இருக்கின்றது. வழக்கமான முழு ஆட்டம் இரண்டாயிரம் புள்ளி. பொற்கவசம் பூண்ட ‘ஸ்டார்ம்காஸ்ட்’ வீரர்களாயின் முப்பது நாற்பது உருவங்களில் அத்தொகை நிரம்பிவிடும். ‘ஸ்கேவன்’ என்னும் எலிப்படையாயின் நூற்றைத் தாண்டலாம். ‘சன்ஸ் ஆஃப் பெஹமத்’ என்னும் அரக்கர் படைக்கோ நான்கைந்து பேருருவங்களே போதும். ஓர் எலிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்; ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தூரிகை பிடிப்பவன் நூறு எலிகளை முடிக்க ஐம்பது வாரம் ஆகும்! படைமாட்சியைப் பேசவந்த வள்ளுவர் கடல்போல் ஒலிக்கும் எலிக்கூட்டத்தை ஒரு நாகத்தின் மூச்சுக்கு அஞ்ச வைத்தார். இவ்வாட்டத்து எலிகள் அவ்வளவு எளியன அல்ல. கூட்டமே அவற்றின் வலிமை. ஆயினும் முதன்முறை தூரிகை பிடிப்பவனின் பொறுமையை அவை பகைவனுக்கு முன்னதாகவே தின்றுவிடும். அரக்கர் படையிலும் ஒரு குறை உண்டு. நான்கே உருவங்களை வைத்துக்கொண்டு ஆடுபவன் அணி வகுத்தல், விட்டுக்கொடுத்தல், சூழ்தல் ஆகிய நுட்பங்களைப் பயில வாய்ப்புக் குறைவு. முதற்படை இவ்விரண்டுக்கும் நடுவே இருத்தல் நன்று.

பேய்ப்படை ஒன்றும் உண்டு. ‘நைட்ஹான்ட்’ என்பது அதன் பெயர். கலிங்கத்துப் போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்டதைப் பரணியில் படித்தவர்க்கு இப்படையைப் பார்த்ததும் ஒருவகை உறவுணர்ச்சி தோன்றாமல் இராது. வெளிறிய நிறத்தைப் பூசி, அதன்மேல் நீர்த்த வண்ணத்தை ஓடவிட்டால் மடிப்புகளில் நிழல் தானே படியும். கைப்பழக்கம் இல்லாதவர்க்கும் விரைவில் அழகு கூடும். ஆனால் அப்பேய்களின் உடல் மெல்லியது. ஆடை நுனியில் மட்டும் ஊன்றி நிற்பது. செம்பூரிலிருந்து துறைமுக வழி வண்டியில் ஏறிக் குர்லாவில் இறங்கி, படிக்கட்டு நெரிசலில் மாறி, மாட்டுங்காவுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பேய்க்குக் கை இருக்கும் என்பதை மும்பை வாழ்வோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வேல் நீண்ட எல்ஃப் வீரர்களின் நிலையும் இதுவே. நண்பர் வீட்டுக்குச் சென்றே ஆட வேண்டியவர், தடித்த கவசமும் குறுகிய ஆயுதமும் உடைய படையைத் தேர்வாராக. பீடத்தின் அடியில் சிறு காந்தம் ஒட்டித் தகரப் பெட்டியில் நிறுத்திக் கொண்டுசெல்வதும் உதவும்.

மனவியல்பு என்பதையும் கருத வேண்டும். இதற்கு மேலைநாட்டார் நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் புறப்பொருள் இலக்கணமே போதும். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மதிலை முற்றுவது உழிஞை. உள்ளிருந்து காப்பது நொச்சி. இரு பெரும் படையும் களம் குறித்துப் பொருதுவது தும்பை. இவ்வாட்டத்தின் படைகளும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. குள்ளர் படை நொச்சி மனத்தாருக்கு உரியது: இடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாது, வருபவனைச் சுட்டுத் தள்ளும். பச்சைத்தோல் ஆர்க் கூட்டம் தும்பையன்றி வேறறியாது. முன்னே பாய்வதே அதன் மொழி. விரைந்து செல்லும் குதிரைப் படையும் பறவைமீது ஏறிய படையும் வெட்சிக்கு ஏற்றவை. இதில் புதியவர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பகைவரைக் கொல்வதனால் மட்டும் இங்கே வெற்றி கிட்டுவதில்லை. களத்தில் குறிக்கப்பட்ட சில இடங்களை யார் கைக்கொண்டிருக்கின்றாரோ அவர்க்கே புள்ளி சேரும். ஆகவே வெட்சி மறவன் தன் படையில் பாதியை இழந்தும் வெல்வதுண்டு. நம் பிள்ளை சதுரங்கத்தில் பொறுத்திருப்பவனா, கேரம் பலகையில் முதல் அடியிலேயே அனைத்தையும் சிதறடிப்பவனா என்று கவனித்தாலே அவனுக்குரிய திணை ஓரளவு புலப்படும்.

இனி, இடம். ஏஜ் ஆஃப் சிக்மாரின் முழு ஆட்டத்துக்கு அறுபது அங்குல நீளமும் நாற்பத்து நான்கு அங்குல அகலமும் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் சமையலும் படுக்கையும் நடைபெறும் தாராவி வீட்டில் ஐந்தடிக் களத்துக்கு இடம் ஏது? செம்பூர் அடுக்ககத்திலும் உணவு மேசை அவ்வளவு பெரிதாக இருப்பது அரிது. இக்குறையை நீக்கும் சிற்றாட்டம் ஒன்று ‘ஸ்பியர்ஹெட்’ என்னும் பெயரில் 2024-இல் வந்தது. அதன் களம் முப்பதுக்கு இருபத்திரண்டு அங்குலம்தான். பாய் விரிக்கும் இடத்தில் பாதி. ஒரு பெட்டியில் அடங்கிய சிறுபடையே அதற்குப் போதும். புள்ளிக் கணக்குப் பார்க்கும் வேலையும் இல்லை. மும்பை வாழ்வோர் முதற்படையை இவ்வளவிலேயே நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. குன்றுக்கும் குடிசைக்கும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தால் ஆயிற்று.

இடத்தினும் அரிது துணை. சதுரங்கத்தையாவது கணிப்பொறியோடு ஆடலாம். கையால் தீட்டிய படையோ எதிரே மனிதரை வேண்டி நிற்பது. மொழி கடந்த நட்புக்கு இது நல்ல வாயில் என்பதையும் சொல்ல வேண்டும். பகடை எண்ணுக்கு மராத்தியும் வேண்டாம், தமிழும் வேண்டாம். படை வாங்குமுன் உடன் ஆடுவோர் ஒருவரையாவது தேடிக்கொண்டு, அவர் எவ்விதிநூலை ஆடுகின்றார் என்று கேட்டறிய வேண்டும். இருவருமே புதியவராயின் ஒரு நல்வழி உண்டு. இரு படைகள் சேர்ந்த தொடக்கப் பெட்டியைப் பங்கிட்டு வாங்கி, ஆளுக்கொரு படை எடுத்துக்கொள்ளலாம். 2015 முதல் நான்கு பதிப்புகளின் பெரும் பெட்டியிலும் ஸ்டார்ம்காஸ்ட் ஒரு பக்கம் நின்றனர். எதிரே வந்தவர் மட்டும் மாறினர். அதனால் அவ்வீரர்கள் மலிவாகக் கைமாறிக் கிடைப்பதும் உண்டு. அகன்ற கவசம், குறைந்த எண்ணிக்கை, முறியாத உடல் ஆகிய மூன்றும் அவர்களிடம் பொருந்தியிருப்பதால், வேறு விருப்பம் ஏதும் இல்லாதவர்க்கு நாம் அவர்களையே கூறுவோம். எல்லாரிடமும் இருப்பதை நாமும் வைத்திருப்பதா என்று சலிப்பவர் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். பொன்னுக்குப் பதிலாக மயில்கழுத்து நிறம் தீட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வாங்கும் முறையில் நம் வீட்டுக் கொலுவே வழிகாட்டி. மாட்டுங்காவில் நவராத்திரிக்கு முன் கடைகள்தோறும் பொம்மைகள் நிரம்பும்போது, ஒன்பது படிக்கும் ஒரே நாளில் வாங்கி வருபவர் எவர்? மரப்பாச்சி இணை முதலில். பின் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. கடன் வாங்காமலே கொலு வளர்ந்துவிடுகின்றது. படையும் அவ்வாறே வளரட்டும். முதலில் ஐந்து வீரர்கள். அவர்களை ஒட்டி, தீட்டி, களத்தில் நிறுத்திய பின்னரே அடுத்த ஐவர்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். பொம்மைக்கு அடிப்பூச்சாகத் தெளிக்கும் வண்ணக் குப்பியை ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் பயன்படுத்தினால், காற்றின் ஈரத்தால் பூச்சு மாவுபோல் பொரிந்து, முகத்தின் நுண்ணிய கோடுகளை மறைத்துவிடும். அம்மாதங்களில் தூரிகையால் பூசும் அடிவண்ணத்தையே கொள்க. மூடிய சிற்றறையில் தெளிப்பான் எக்காலத்தும் ஆகாது. வீட்டிலேயே ரெசின் குழம்பால் அச்சிடும் எந்திரமும் அத்தகையதே. அதன் ஆவி குழந்தைகள் உறங்கும் அறைக்கு உரியதன்று.

ஒரு ரூபாயும் செலவிடுமுன் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று இருக்கின்றது. ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ என்னும் நிறுவனத்தின் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்நிறுவனத்துப் பொம்மையாயினும், பொம்மையே இல்லையாயினும், அவற்றைக் கொண்டு ஆடலாம். சாதாரண வீரனின் பீடம் இருபத்தைந்து மில்லிமீட்டர் அளவினது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு இருபத்தேழு. அந்நாணயத்தை அட்டைமீது வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, ஒவ்வொன்றிலும் ‘வில்லி’, ‘வேலன்’, ‘தலைவன்’ என எழுதிக்கொள்க. விரும்பும் இரண்டு மூன்று படைகளை இவ்வாறு அட்டையிலேயே அமைத்து, நண்பரோடு ஒரு மாதம் ஆடிப் பார்க்கலாம். அட்டை வடிவிலேயே சலித்துப்போகும் படையைப் பிளாஸ்டிக்கில் வாங்க வேண்டியதில்லை. தோற்ற பின்னும் மறுபடி அடுக்கத் தூண்டும் படை எதுவோ, அதன் முதல் ஐந்து வீரர்களுக்குப் பணம் அனுப்பலாம்.