இலேசான துவக்கு

பதுளை நகரிலே புனித மாற்குத் தேவாலயம் என்றொரு பழைய ஆலயம் உண்டு. அதன் வாயிலைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் மாணவரிற் பலர், அது பெருவேட்டைக்காரர் ஒருவரின் நினைவாக எழுந்தது என்பதை அறியார். மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பது அவர் பெயர். இலங்கை றைபிள் படையைச் சேர்ந்தவர். பதுளையில் அரசாங்க அதிகாரியாய் இருந்தவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள், அப்புத்தளைத் தங்குமடத்திலே மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறையின்மீதும் மின்னல் வீழ்ந்து கல்லைப் பிளந்ததாக மக்கள் இன்றும் சொல்வர். அக்கதைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எமர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிலே, றொஜர்ஸ் கொன்ற யானைகளின் தொகை 1,400க்கு மேல் என்று எழுதிவைத்தார்.

இத்துணை யானைகளை ஒரு மனிதர் கொல்வதற்கு எத்தகைய கருவி வேண்டும் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. வேட்டைக்குரிய துவக்கைத் தெரிந்தெடுத்தல் என்பது வெறும் கைவினைச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமாயின், ஊவா மலைகளின் ஒரு நூற்றாண்டு வரலாறே அதனுள் அடங்கியிருத்தலைக் காண்போம்.

றொஜர்ஸின் காலத்திலே துவக்குக் குழலின் வாய்வழியாகவே மருந்தும் குண்டும் இட்டு இடித்தனர். கரிமருந்தின் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்ட இயலாதபோது குண்டின் எடையைக் கூட்டுவதன்றி வேறு வழியில்லை. குண்டு பெருத்தால் மருந்து பெருகும். மருந்து பெருகினால் குழல் தடிக்கும். குழல் தடித்தால் துவக்கு முழுவதும் கனக்கும். நுவரெலியாவிலே 1855 வரை வாழ்ந்து, பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழடைந்த சாமுவேல் பேக்கர், தமது துவக்குகளைப்பற்றி விரிவாக எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்று நான்கு அவுன்சுக் குண்டை எறிவது. எடை 21 இறாத்தல். இன்னொன்று 16 இறாத்தல். இவற்றோடு இரட்டைக் குழல் துவக்குகள் நான்கும் இருந்தன.

இவ்வளவையும் பேக்கர் ஒருவரே சுமந்தாரா? இல்லை. ஒருமுறை சுட்ட துவக்கை மீண்டும் நிரப்புவதற்குள் யானை வந்து சேர்ந்துவிடும். ஆதலால் நிரப்பிய துவக்குகளை ஏந்திக்கொண்டு துரையின் பின்னே ஆட்கள் நின்றனர். முன்னே வரும் யானையைக் கண்டும் ஓடாமல் அடுத்த துவக்கை நீட்டவேண்டியது அவர்கள் கடமை. நூல்களிலே துரையின் துணிவு பக்கம் பக்கமாக வருகின்றது. துவக்குத் தூக்கியின் துணிவோ ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது.

பின்னர் கருவி மாறிற்று. 1884இல் பிரான்சு நாட்டு வியேல் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டார். 1898இல் ஜெர்மனியின் மௌசர் துவக்கு வந்தது. கதவுத் தாழைப் போன்ற ஒரு கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். முன்னே தள்ளித் திருப்பினால் புதிய தோட்டா குழலினுள் சென்று பூட்டிக்கொள்ளும். ஐந்து தோட்டாக்கள் வயிற்றிலே காத்திருக்கும். இதனை அடிப்படையாகக் கொண்டு இலண்டன் றிக்பி நிறுவனத்தார் ஏழு இறாத்தலை ஒட்டிய வேட்டைத் துவக்குகளை ஆக்கினர். சாம்பாவதி ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டதும் இவ்வினத்துத் துவக்கே.

இலேசான துவக்கால் யானையை வீழ்த்தலாம் என்று காட்டியவர் ஸ்கொத்துலாந்தைச் சேர்ந்த பெல் என்பவர். ஆபிரிக்காவிலே அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவை ஏழு மில்லிமீற்றர் மௌசருக்கு இரையாயின. அதன் குண்டு பதினொரு கிராம் அளவினது. பேக்கரின் நான்கு அவுன்சுக் குண்டு ஏறக்குறைய 113 கிராம். பத்தில் ஒரு பங்கு எடை அதே வேலையைச் செய்தது எங்ஙனம்? அக்குண்டு மெலிந்து நீண்டது. வன்மையான உலோக உறை பூண்டது. வினாடிக்கு 2,300 அடியளவில் விரைவது. ஈயக் குண்டைப்போல் எலும்பிலே நசுங்காமல் ஊடுருவிச் செல்வது. அதனினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்து, தேன்கூடுபோன்ற அவ்வெலும்பினுள் மூளை எவ்விடத்தே கிடக்கின்றது என்பதைக் கற்றுக்கொண்டார். துவக்கு இழந்த கனத்தை அறிவு ஈடுசெய்தது.

மலைநாட்டிலே துவக்கு தெரிந்தெடுப்பவர் எண்ணிப் பார்க்கவேண்டியவை இவற்றிலிருந்து தாமே விளங்கும். பசறையிலும் லுணுகலையிலும் உள்ள செங்குத்தான தோட்டங்களில் ஒரு நாள் ஏறி இறங்கியவருக்கு ஓர் இறாத்தலின் அருமை தெரியும். ஆனால் இலேசான துவக்கிலே பெரிய தோட்டாவை இட்டால் பின்னுதைப்புத் தோளைச் சிதைக்கும். உதைக்கு அஞ்சிய கை விசையை இழுக்கும்போதே கோணும். ஆகவே இலேசான துவக்குக்கு அளவான தோட்டாவே பொருந்தும். மரைக்கு விரியும் குண்டு. யானைக்கு விரியாத உறைக்குண்டு. இரட்டைக் குழலில் இரண்டாவது வெடி கணத்தில் வரும். தாழ்த் துவக்கிலே அதற்குக் கை ஒருமுறை போய்வர வேண்டும். எனவே முதல் வெடியே முடிவான வெடியாதல் வேண்டும்.

இங்கேதான் தீங்கு புகுந்தது. பெல்லின் துவக்கை எவரும் விலைக்கு வாங்கலாம். பெல்லின் கண்ணையும் பொறுமையையும் வாங்க இயலுமோ? இலேசான துவக்கோடு காட்டினுள் நுழைந்து மூளையைத் தவறவிட்டவர்கள், செத்த யானையை அல்ல, புண்பட்ட யானையை விட்டுச் சென்றனர். இதனை உணர்ந்தே ஆபிரிக்க நாடுகள் சில, பெருவிலங்கு வேட்டைக்குப் புள்ளி 375 அங்குலத்திற்குக் குறைந்த குழலைச் சட்டத்தால் விலக்கின. புண்பட்ட யானை துரையின் பங்களாவைத் தேடி வருவதில்லை. வெல்லவாயவிலோ புத்தளவிலோ சேனைக் காவலிருக்கும் ஏழையின் குடிசையைத்தான் அது மோதும். சுட்டவன் ஒருவன், விலை கொடுப்பவன் இன்னொருவன்.

றொஜர்ஸ் கொன்றவற்றைத் தனிமனித வெறியென்று மட்டும் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. அக்காலத்து அரசு யானையொன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. காடு அழிந்தது; கோப்பி வந்தது; கோப்பி நோயுற்று வீழ, தேயிலை வந்தது. யானையின் வழித்தடங்கள் மீதே பாதைகள் ஓடின. அப்பாதைகளின் வழியே எம் முன்னோர் கூலிகளாய் நடந்து வந்தனர். யானையை விரட்டிய கையும் எம்மை அழைத்த கையும் ஒன்றே என்பதை மலையகத்துப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்திலே, முயலைத் தைத்த அம்பைக் காட்டிலும் யானையை நோக்கி எறிந்து தவறிய வேலை உயர்வாக மதித்தார். அவ்வேலின் பெருமை எறிந்தவன் தன் உயிரையும் துலாத்தட்டில் வைத்தான் என்பதிலே உள்ளது. கருவி இலேசாக ஆக, கொல்பவன் வைக்கும் பணயமும் இலேசாயிற்று. பணயம் குறையக் குறைய வீரமும் குறைந்து எண்ணிக்கை மட்டுமே மிஞ்சிற்று.

1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. யானை, சிறுத்தை, கரடி, மரை ஆகியவற்றை வேட்டையாடுதல் இன்று குற்றம். துரைமாரின் துவக்குகள் மௌனமாகிவிட்டன. ஆனால் கொலை மௌனமாகவில்லை. காட்டுப்பன்றிக்கென்று இட்ட கம்பிச் சுருக்கிலே தேயிலை மலைச் சிறுத்தைகள் சிக்கி மாள்கின்றன. தீனியிலே மறைத்த வாய்வெடி யானைக் கன்றின் தாடையைப் பிளக்கின்றது. இவற்றிற்குத் தோளும் வேண்டா, கண்ணும் வேண்டா. வைத்தவன் வீட்டில் உறங்கலாம். துவக்குகளிலெல்லாம் இலேசான துவக்கு இதுதான்.

பதுளைக்குச் செல்லும் ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச்சென்று அந்த ஆலயத்தைக் காட்டுக. 1,400 என்ற எண்ணையும் சொல்லுக. துரையின் பின்னே துவக்கேந்தி நின்ற பெயரற்றவனையும், புண்பட்ட யானையின் முன் குடிசையில் விழித்திருந்தவனையும் சேர்த்துச் சொல்லுக. அவர்கள் இருவருக்கும் நினைவாலயம் எதுவும் எழவில்லை.