தாத்தா பெயரில் பட்டா, வியாபாரி கையில் விளைச்சல்

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. காபிச் செடி நன்றாக இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடியும் காய்க்கிறது. பட்டா மட்டும் செத்துப்போய்ப் பல வருடமான தாத்தா பெயரில் இருக்கிறது. அதனால் வங்கி கடன் தராது, வியாபாரி தருவார். செடி பூக்கும்போதே அவரிடம் முன்பணம் வாங்கிக்கொள்கிறார்கள். பழம் பறித்ததும் அவர் சொன்ன விலைக்கு எடை போட்டுவிட்டு, "சின்ன நெலத்துல என்னங்க பொழைக்க முடியும்?" என்கிறார்கள்.

நிலத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சேர்வராயன் மலைக்குக் காபி வந்து சுமார் 200 வருடம் ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. கோளாறு நிலத்தின் காகிதத்தில்தான். எஸ்டேட்காரர்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சிறு நிலக்காரர்தான் டிரங்குப் பெட்டியில் கரையானுக்கு விட்டுவிடுகிறார்.

முதல் வேலை பட்டா

தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் நான்கையும் எடுத்துப் பாருங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, பெயர் எல்லாம் நீங்கள் உழைக்கும் நிலத்தோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். கூடவே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குங்கள். உங்களுக்கே தெரியாமல் ஒரு பவர் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். அதை வைத்துப் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளாத நிலமாக இருந்தால் முதலில் கூட்டுப் பட்டா போதும். பிரிப்பதென்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவுக்குக் கட்டணம் கட்டி, சர்வேயர் வந்து அளந்த பிறகு தனிப்பட்டா கிடைக்கும். வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பெரியவர் முன்னால் பேசி முடித்த பிரிவினை எந்த அலுவலகத்திலும் செல்லாது.

பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். இந்த மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர் என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. இதையே சாக்காக வைத்து மகள்களை ஒதுக்குகிறார்கள். பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் நிரூபிக்கப்படாதபோது பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது.

"அடுத்த வாரம் வாங்க" என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சொன்னால் சும்மா திரும்பி வராதீர்கள். மனு எண்ணும் ரசீதும் கையில் இருக்க வேண்டும். மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கேட்கலாம். மனு என்ன ஆனது என்றே தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இன்னொன்று: பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். இது தெரியாமல் வீணாக அலைபவர்கள் ஏராளம்.

பட்டா மாறிய பிறகும் ஒரு வேலை பாக்கி. அடங்கலில் காபியும் மிளகும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காட்டெருமை புகுந்து செடியை மிதித்துவிட்டால், இழப்பீடு கேட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போகும்போது அடங்கல்தான் பேசும். விவசாயிகளுக்கான தனி அடையாள எண், பி.எம். கிசானின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், காபி வாரியத்தின் மானியங்கள் என எல்லாமே உயிரோடு இருப்பவர் பெயரில் உள்ள நிலப்பதிவைத்தான் கேட்கின்றன. காபி நட்ட நிலத்தை 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். தோட்டம் இருக்கும் இடத்தின் விவரத்தோடு வரும் காபியைத்தான் வாங்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டிருக்கிறது. அமலாகும் தேதி தள்ளிப்போயிருக்கிறதே தவிர, சட்டம் போய்விடவில்லை.

முன்பணம் என்னும் பொறி

2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. பூவிலேயே விலை பேசிக் கொடுத்துவிட்டவருக்கு அதனால் என்ன லாபம்?

முன்பணத்துக்குப் பதிலாக, விவசாயக் கடன் அட்டைக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ எழுத்தில் விண்ணப்பியுங்கள். மலைவாழ் மக்களுக்கென்றே லேம்ப் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மேலாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வெற்றுத்தாளிலோ நிரப்பாத முத்திரைத்தாளிலோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு செய்தாக வேண்டும். நிலத்தை ஒத்திக்கு விட்டிருந்தால் பத்திரத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஒத்தி நிலத்தை மீட்க வழக்குப் போடச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. ஆனால் பத்திரமே இல்லாமல் அடுத்தவர் அனுபவத்தில் 12 ஆண்டு விட்டுவைத்தால், நிலம் தன்னுடையது என்று அவரே வாதாடுவார்.

அநியாய வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். பழங்குடியினரின் நிலத்தைப் பிறர் சட்டவிரோதமாகப் பறிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிக் குற்றம். அதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

மரமும் காடும்

நீங்களே நட்டு வளர்த்த மரம் என்றாலும், மலைப்பகுதியில் முன் அனுமதி இல்லாமல் வெட்டினால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். வெட்டுவதற்கு முன் வனத்துறையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் மர வியாபாரி வழக்கு வரும்போது ஊரிலேயே இருக்க மாட்டார்.

நிலம் வனத்துறைப் பதிவில் இருந்தாலும், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினரான நீங்கள் பயிர் செய்துவந்தால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். ‘அ’ படிவத்தை நிரப்பிக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். குறைந்தது இரண்டு சான்று வேண்டும். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது, ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் இவையெல்லாம் செல்லும். மறுத்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கும் மறுத்தால் அடுத்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கும் போகலாம். பரிசீலனை முடியும்வரை உங்களை வெளியேற்ற முடியாது. கிடைக்கும் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.

அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா வைத்திருந்தால் ஆணையில் உள்ள நிபந்தனைகளை ஒருவரைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அவற்றை மீறி விற்றால் ஒப்படையே ரத்தாகலாம். ஏற்காட்டில் இடம் தேடி வரும் நகரத்துக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளும், ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியும் உங்களுக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

மறுபடியும் சொல்கிறேன்: இறந்தவர் பெயரில் பட்டாவை விட்டுவைக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வருடக் காபி அறுவடைக்கு முன்னால் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டால், அடுத்த வருடப் பூவை யாரிடமும் அடகு வைக்க வேண்டிய அவசியம் வராது.