தண்ணி கட்டுதா?

கரிசல் உடம்பு – 11

பெரியப்பாவால் பேச முடியாது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அதனால் தலைமாட்டில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கிடக்கும். கண் விழித்ததும் அவர் எழுதியது, "மாட்டுக்கு யாரு தண்ணி வைக்கா?" இரண்டாம் நாள் ராத்திரி எழுதியது, "தண்ணி கட்டுதா?" இதை அவர் கேட்டது தன் கன்னத்தைப் பற்றி.

குளத்தூரில் நாற்பது வருஷம் புகையிலையை ஒரே பக்கம் அடக்கிய கன்னம் அது. புற்று தோல் வரைக்கும் வந்துவிட்டது. வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கன்னத்தை உள்ளும் புறமுமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோலும் கொழுப்புமாக ஒரு துண்டை அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். டாக்டர்கள் அதை 'ஃப்ளாப்' என்பார்கள். வார்டில் இருப்பவர்களுக்கு அது தொடைச் சதை.

சும்மா வைத்துத் தைத்தால் அந்தச் சதை பிழைக்காது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையையும் சேர்த்தே எடுத்து, கழுத்திலுள்ள குழாய்களோடு மைக்ராஸ்கோப் வைத்து இணைக்கிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாய். தலைமுடியை விட மெல்லிய நூல். 1973இல் ஆஸ்திரேலியாவில் இயன் டெய்லரும் ரோலின் டேனியலும் இடுப்புப் பக்கத் தோலை இப்படிக் காலுக்கு மாற்றிக் காட்டினார்கள். பெரியப்பாவுக்குச் செய்ததுபோலத் தொடையிலிருந்து எடுக்கும் முறையைச் சீன மருத்துவர்கள் 1984இல் எழுதினார்கள். நம் ஊரும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. சென்னை ஸ்டான்லியில் 1971இலேயே ஆர். வெங்கடசாமி கைக்கென்று தனித்துறை தொடங்கினார். கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசபாபதி நசுங்கிய கை கால்களை மீட்டெடுப்பதற்காகவே ஒரு பெரிய அணியை வளர்த்தார். 1994இல் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கதிரடிக்கும் மிஷினில் சடை சிக்கி, முகமும் உச்சந்தலையும் முழுதாகப் பிய்ந்துபோன ஒரு சிறுமிக்கு டாக்டர் ஏபிரகாம் தாமஸ் அவளுடைய முகத்தையே திரும்பப் பொருத்தினார்.

நல்ல கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஃப்ளாப்புகள் பிழைத்துவிடுகின்றன. மிச்ச ஐந்தின் கதை பெரும்பாலும் முதல் மூன்று நாளில், தியேட்டருக்கு வெளியே, படுக்கையில் முடிவாகிறது. தைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால் சதைக்கு இருப்பது சில மணி நேரம். அதற்குள் கண்டுபிடித்து, திறந்து, உறைந்ததை எடுத்துவிட்டு மறுபடி தைத்தால் உயிர் திரும்பும். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கறுத்துப்போன துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

அதனால் மணிக்கொரு தரம் பார்க்கிறார்கள். ராத்திரி சிஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். முதலில் புறங்கையை ஃப்ளாப் மேல் வைப்பார், பிறகு பக்கத்துக் கன்னத்தில். சூடு ஒன்றுபோல இருக்கிறதா என்று. விரலால் லேசாக அமுக்குவார். அது பஞ்சுபோல இருக்கலாம், தொய்யக் கூடாது, விறைக்கவும் கூடாது. அப்புறம் பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியில் ஜெல்லி தடவி, நீல நூலால் தையல் போட்டுக் குறித்த இடத்தில் வைப்பார். உஷ்… உஷ்… என்று நாடியோடு ஒரு சத்தம். சார்ட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து. கழுத்து திரும்பாமல் தலையணையைச் சரிசெய்துவிட்டு, ஏசியைக் குறைத்துவிட்டுப் போவார்; குளிரில் குழாய்கள் சுருங்கும்.

கேட்டால் சளைக்காமல் சொல்வார். தமனி அடைத்தால் சதை வெளிறி, குளிர்ந்து, துவண்டு போகும். சிரை அடைத்தால் வருகிற ரத்தத்துக்குப் போக வழியில்லை. வீங்கி, நீலம் பாரிக்கும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. நான் சொன்னதும் பெரியப்பா தலையாட்டினார். கரிசல்காட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை மழை விடாமல் பெய்தால் இந்த மண் தண்ணியை உள்ளே விடாது, வெளியிலும் விடாது. மிளகாய்ச் செடி காய்ந்து செத்ததை விட, தண்ணி கட்டி வேர் அழுகிச் செத்ததை அவர் அதிகம் பார்த்தவர்.

அவர் நோட்டை நீட்டிய அந்த ராத்திரி மணி இரண்டு இருக்கும். கன்னம் கனக்கிறது என்று கையால் காட்டினார். டாப்ளரில் சத்தம் நன்றாகவே கேட்டது. சிஸ்டர் போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் நாள் படமும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன. எங்கள் தோல் கறுப்பு. அமுக்கினால் வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் சிவப்புத் திரும்ப வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் புத்தகத்துப் படங்களில் பெரும்பாலும் இருப்பது வெள்ளைத் தோல். பெரியப்பாவின் தொடைத் தோலில் வெளுப்பு எது, சிவப்பு எது?

சிஸ்டர் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். மெல்லிய ஊசியை எடுத்து ஓரத்தில் ஒரு குத்து. பிழைத்திருக்கிற சதையில் நல்ல சிவப்பாக ஒரு சொட்டு நிதானமாக எழும்பும். அன்று ஊசியை எடுக்குமுன் நாவற்பழச் சாறு மாதிரி ரத்தம் சரசரவென்று வழிந்தது. "படத்தை விடுங்க சார், ரத்தம் கறுப்பா வருது. நீங்க வரணும்" என்று போனில் சொன்னார். குரல் உயரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பெரியப்பா மறுபடி தியேட்டரில் இருந்தார். சிரையில்தான் ரத்தம் உறைந்திருந்தது. தமனி வேலை செய்ததால்தான் டாப்ளர் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

கருவிகள் வராமல் இல்லை. குழாயைச் சுற்றியே பொருத்தி வைக்கும் சிறு டாப்ளர் 1980களிலேயே வந்துவிட்டது. சதையின் ஆக்சிஜனை ஒளியால் அளந்து திரையில் காட்டும் கருவியும் உண்டு, விலை அதிகம். எனக்குப் பிடித்தது ஜப்பானிய மருத்துவர்கள் எழுதிய ஒரு எளிய வழி: ஃப்ளாப்பில் குத்திய சொட்டை வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷினிலேயே வைப்பது. ரத்தம் தேங்கினால் சதை இருக்கிற சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், அளவு இறங்கிக்கொண்டே வரும். தோலின் நிறம் அந்த எண்ணை ஏமாற்றாது. நம் அரசு மருத்துவமனைகளில் இல்லாத பொருளும் அல்ல அது.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சொட்டை எடுக்க ஒரு ஆள் வேண்டும். ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்த்தால் மணிக்கொரு தரம் என்பது சார்ட்டில் மட்டும்தான் இருக்கும். கறுப்புத் தோலில் எடுத்த படங்களை வைத்து அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். தூங்குகிற டாக்டரை எழுப்பத் தயங்காத உரிமையும் அவர்களுக்கு வேண்டும். இதைச் செலவு என்று எண்ணுகிறவர்கள், எட்டு மணி நேர ஆபரேஷன் ஒன்று வீணாவதையும் கணக்கில் எழுத வேண்டும்.

பெரியப்பா இப்போது குளத்தூரில் இருக்கிறார். தொடைத் தோல் கன்னத்திலும் தொடைத் தோல்தான். அதன் முடி அங்கே தனியாக வளர்கிறது. சவரம் செய்கிறவர் அந்த இடத்துக்கு வந்ததும் கத்தியை மெதுவாக்குகிறார். அங்கே உணர்ச்சி கிடையாது. ஈ உட்கார்ந்தால் பெரியம்மாதான் பார்த்து விரட்டிவிடுகிறார்.

(தொடரும்)