விழி ஓரத்து விதைகள்

அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது விரலில் கீறல் படாத வீடு நம் நாட்டில் இராது. இரத்தம் வருகிறது, ஈரத் துணியைச் சுற்றுகிறோம், சில நாட்களில் கீறல் இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிடுகிறது. அதை மூடியது யார்? மருந்து அல்ல. கிருமிகள் அண்டாமல் காவல் இருந்ததோடு மருந்தின் வேலை தீர்ந்தது. காயத்தை மூடியது சரீரமேதான். அந்தக் காரியத்தைச் சரீரம் எவ்விதம் நடத்துகிறது, நடத்த இயலாமல் அது தவிக்கும்போது மனிதன் எவ்வளவு தூரம் கை கொடுக்க முடியும் என்பதைச் சற்று விசாரிப்போம்.

விதையும் அழைப்பும்

காயம் ஆறுவதற்கு முக்கியமாக இரண்டு வேண்டும். ஒன்று, புதிய உயிரணுக்களைப் பெற்றுத் தரும் மூல உயிரணு. இதையே டாக்டர்கள் 'ஸ்டெம் செல்' என்கிறார்கள். நம் குடியானவன் விதை நெல்லைத் தனியே கோட்டை கட்டி வைத்துவிட்டு மீதியைத்தான் சோற்றுக்கு எடுப்பான். மூல உயிரணுவும் அப்படியே. அது பிரிந்து பெருகும்போது ஒரு பங்கு தோலாகவோ இரத்தமாகவோ மாறிச் செலவாகும். மற்றொரு பங்கு மூல உயிரணுவாகவே நின்று அடுத்த தேவைக்குக் காத்திருக்கும்.

விதை மட்டும் இருந்தால் போதுமா? 'இப்பொழுது முளை' என்று அதற்குச் சொல்ல ஒருவர் வேண்டாமா? அவ்வாறு அழைப்பு விடுக்கும் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். இரத்தம் உறையும்போது அதிலுள்ள தட்டணுக்கள் இவற்றை வெளியிடுகின்றன. உயிரணுவின் மேற்புறத்தில், ஒவ்வொரு காரணிக்கும் ஏற்ற ஏற்பிகள் உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் காரணி அதில் பொருந்துகிறது. உடனே உள்ளே செய்தி கை மாறிக் கை மாறிச் சென்று உயிரணுவின் கருவை அடைகிறது. உயிரணு இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது.

படுக்கையறையில் ஓர் ஆராய்ச்சி

இந்த அழைப்பைக் கண்டுபிடித்த கதை, நம் வீட்டுப் பெண்கள் அவசியம் அறியத்தக்கது. இத்தாலியில் டூரின் நகரில் ரீட்டா லெவி மொந்தால்சினி என்ற இளம் பெண் டாக்டர் ஆராய்ச்சி செய்து வந்தார். 1938-ல் முஸோலினி சர்க்கார் இயற்றிய இனச் சட்டங்கள், யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைச் சர்வகலாசாலையிலிருந்து வெளியேற்றின. அவர் சோர்ந்துவிடவில்லை. தம் படுக்கையறையையே ஆராய்ச்சிக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கிக் கொண்டு, கோழி முட்டைக் கருவில் நரம்புகள் வளரும் விதத்தை ஆராய்ந்தார்.

யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரில் அவர் தம் வேலையைத் தொடர்ந்தார். ஸ்டான்லி கோஹன் என்ற ரசாயன நிபுணர் அங்கே அவருக்குத் துணையானார். நரம்பை வளர்க்கும் பொருள் எத்தகையது என்று பார்ப்பதற்காகப் பாம்பின் விஷத்தைக் கலந்தார்கள். ஆச்சரியம்! அந்த விஷத்திலேயே அப்பொருள் ஏராளமாக இருந்தது. பாம்பின் விஷப்பை உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர்ந்ததுதானே என்று எண்ணிய கோஹன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அதிலும் அது கிடைத்தது. அந்தச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குக் குத்திப் பார்த்தபோது இரண்டாவது அதிசயம் நிகழ்ந்தது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கண் திறக்க வேண்டிய குஞ்சுகள் ஒரே வாரத்தில் கண் திறந்துவிட்டன! அதற்குக் காரணமான வேறொரு புரதத்தைக் கோஹன் பிரித்தெடுத்து 1962-ல் வெளியிட்டார். மேல்தோலை வளர்க்கும் காரணி அது. இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன் என்பவரும் அவருடைய சகாவும் 1975-ல் மனிதத் தோலின் உயிரணுக்களைக் கிண்ணத்தில் வளர்க்கும் முறையைக் கண்டார்கள். கோஹன் கண்ட புரதத்தைச் சேர்த்தவுடன் அந்த வளர்ப்பு இன்னும் செழித்தது. 1983-ல், உடம்பெல்லாம் வெந்துபோன இரண்டு சிறுவர்களை, அவர்களுடைய சொந்தத் தோலையே இவ்வாறு வளர்த்து ஒட்டிப் பிழைக்க வைத்தார்கள்.

கண்ணில் சுண்ணாம்பு

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெற்றிலைப் பெட்டியிலுள்ள சுண்ணாம்பு குழந்தைகளின் கண்ணுக்குப் பெரிய சத்துரு. சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அமுக்கி விளையாடும். அது வெடித்துக் கண்ணில் தெறிக்கும். கருவிழியின் கண்ணாடி போன்ற மேற்பரப்பைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள், கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் ஓரத்தில் குடியிருக்கின்றன. சுண்ணாம்பு அந்த ஓரத்தை வேக வைத்துவிட்டால் விதை நெல்லே அழிந்த மாதிரி. பிறகு வெண்விழியின் சவ்வு கருவிழி மேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும். அத்தகைய கண்ணுக்குத் தானமாகக் கிடைத்த கருவிழியை மட்டும் பொருத்தினால் பயனில்லை; அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்க விதை இல்லையே!

1997-ல் இத்தாலியில் பெல்லெக்ரினி அம்மையாரும் டெ லூக்காவும் இதற்கு வழி கண்டார்கள். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து கடுகளவு திசுவை எடுத்து, கிண்ணத்தில் வளர்த்து, கெட்ட கண்ணில் பொருத்தினார்கள். இம்முறையில் சிகிச்சை பெற்ற 112 பேரைப் பற்றி 2010-ல் வெளியான அறிக்கையின்படி, நூற்றுக்கு 76 கண்களுக்குமேல் தெளிந்த மேற்பரப்பு நிலைத்தது. 2015-ல் ஐரோப்பா இதற்கு நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. ஆனால், உயிரணு வளர்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு ஆகும் செலவை எந்த ஏழை தாங்குவான்?

இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. 'மனோகரா' படத்தை இயக்கிய எல்.வி. பிரசாத்தின் பெயரால் ஹைதராபாத்தில் விளங்கும் கண் ஆஸ்பத்திரியில், டாக்டர் வீரேந்தர் சங்வானும் சகாக்களும் 2012-ல் எளிய முறையொன்றை வெளியிட்டார்கள். கடுகளவு திசுவைச் சின்னஞ்சிறு துண்டுகளாக்கி, கெட்ட கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வை விரித்து, அதன்மீது அந்தத் துண்டுகளை நாற்று நடுவதுபோல் நட்டு, பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், கண்ணே வயலாகிவிடுகிறது. இம்முறையில் சிகிச்சை பெற்ற 125 கண்களில் 95 தேறின என்று 2016-ல் அறிவிக்கப்பட்டது. பெருஞ்செலவு இல்லாமலே இத்தாலி முறைக்குச் சமமான பலன்! நாம் பெருமை கொள்ளலாம் அல்லவா?

போலிகள் ஜாக்கிரதை

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஓரிடத்தில் பலித்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்கும் என்று விளம்பரம் செய்வோர் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். 2015-ல் அமெரிக்காவில் பிளாரிடா ராஜ்யத்தில் மூன்று வயோதிக ஸ்திரீகள், விழித்திரை நோய்க்காகத் தலைக்கு 5,000 டாலர் கொடுத்து, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்'களை இரு கண்ணிலும் ஒரே நாளில் குத்திக் கொண்டார்கள். இருந்த பார்வையும் போயிற்று. எந்த மண்ணில் எந்த விதை முளைக்கும் என்று அறியாமல் வீசியதன் பலன் அது. அழைப்பிலும் ஆபத்து உண்டு. மேல்தோல் காரணியின் ஏற்பி பழுதாகி, அழைப்பு ஓயாமல் ஒலித்துக் கொண்டே இருந்தால், உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். சிலவகை நுரையீரல் புற்றுநோய்க்கு அதுவே காரணம்.

ஆகவே யாரேனும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று அழைத்தால் மூன்று கேள்விகள் கேட்போம். உயிரணு எங்கிருந்து எடுக்கப்படுகிறது? இந்த நோய்க்கு அது பலித்ததாக எத்தனை பேரிடம் சோதித்து, எங்கே வெளியிட்டிருக்கிறார்கள்? சர்க்கார் அனுமதி உண்டா? நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுவதே உத்தமம்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்பைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தப்பித் தவறிக் கண்ணில் தெறித்தால் எண்ணெயோ பாலோ விடாதீர்கள். சுத்தமான தண்ணீரை அந்தக் கணமே ஊற்றத் தொடங்கி, இருபது நிமிஷமாவது விடாமல் கழுவிய பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். விழி ஓரத்து விதைகளைப் பிழைக்க வைப்பதற்கு முதல் சிகிச்சை அதுவே.