டயகமயில் சேரி இல்லை, லயன் இருக்கிறது

தலவாக்கலையில் பஸ் ஏறினால் லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி டயகம கடைத்தெருவில் இறக்கிவிடுவார்கள். அதற்கு மேல் தேயிலை மலைகள், அவற்றுக்கும் மேல் ஹோர்ட்டன் சமவெளிக் காடு. 2021இல் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்த் தீக்காயங்களோடு இறந்த சிறுமியின் ஊர் என்றுதான் எங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். எனக்கு அதற்கு முன்பே தெரியும். என் அம்மாயி 1977 வன்செயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்துதான் கிளிநொச்சிக்கு வந்தார். "எங்க லயத்துல கடைசிக் காம்பரா, பீலிக்குப் பக்கத்துல" என்று சாகும்வரை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காம்பராவைத் தேடித்தான் போனேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசிக் காம்பராவும் பக்கத்தில் பீலியும் இல்லாத லயன் அங்கே ஒன்றுகூட இல்லை.

ஒரு லயனுக்குள் அழைத்துப்போனார் ஓர் அம்மா. ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி. "குனிஞ்சு வாங்க தம்பி" என்றார். முன்னே இஸ்தோப்பு, உள்ளே ஓர் அறை, அவ்வளவுதான் வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்தது. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்று புத்தகங்களில் வாசித்த அளவை நின்று பார்த்தால்தான் விளங்கும்: கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. சுவர் பக்கத்து வீட்டுக்கும் சுவர், தகரக் கூரை எல்லோருக்கும் ஒன்று. ஒரு காம்பராவில் மின்கசிவு ஏற்பட்டால் வரிசை முழுவதும் எரிந்துபோவது அதனால்தான்.

ஐ.நாவின் மனிதக் குடியிருப்புகள் நிறுவனமான யுஎன்-ஹபிடாட், சேரி வீடு எது என்று கணிக்க ஐந்து விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது. நல்ல குடிநீர், முறையான மலசலகூடம், போதிய இடம், உறுதியான கட்டடம், வெளியேற்றப்பட மாட்டோம் என்ற குடியிருப்புப் பாதுகாப்பு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அது சேரி வீடுதான். போதிய இடம் என்பதற்கு அவர்களுடைய கணக்கு, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது. நான் உட்கார்ந்திருந்த காம்பராவில் ஆறு பேர்.

ஆனால் இலங்கையின் நகரத் திட்டமிடலில் டயகம சேரி அல்ல. காரணம் எளிது, டயகம நகரம் அல்ல. அது கிராமமும் அல்ல. எங்கள் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளர் உள்ள பெருந்தோட்டம் 'தோட்டத்துறை'. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகையில் 4.4 வீதம் இதற்குள் வந்தது. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் மட்டுமே நகரம் என்பதால், நுவரெலியாவும் ஹட்டனும் நகரம். அவற்றை அண்டிய தோட்டத்தில் லயன்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் நகரப் பிரச்சினை ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழும்பில் சேரிகளுக்கும் பெயர் 'தோட்டம்' தான். சிங்களத்தில் 'வத்த' என்பார்கள், கொழும்புத் தமிழரும் இன்ன தோட்டம், இன்ன நம்பர் தோட்டம் என்பார்கள். நகரத்தின் பழைய தொழிலாளர் குடியிருப்புகளும் இதே அச்சுத்தான்: நீளமான கட்டடம், வரிசையாக ஒற்றை அறைகள், வெளியே பொதுக் குழாய், பொது மலசலகூடம்.

அந்தத் தோட்டத்துக்கும் இந்தத் தோட்டத்துக்கும் அரசு காட்டிய முகங்கள் வேறு. 1973இல் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், அளவுக்கு மிஞ்சி வீடு வைத்திருந்தவர்களிடமிருந்து வீடுகளை எடுத்தது. கொழும்பில் வாடகைக்கு இருந்த பலர் உரிமையாளராக வழி பிறந்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. 1984இல் பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத்திட்டம் தொடங்கியபோது, அத்துமீறிக் குடியிருந்தவர்களைத் துரத்தாமல், இருந்த இடத்திலேயே சிறு துண்டு காணியை அளந்து கொடுத்து, கடனும் கொடுத்து, தாங்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். இன்றும் உலகத் திட்டமிடல் வகுப்புகளில் உதாரணம் காட்டப்படும் திட்டம் அது. பிறகு காற்று மாறியது. போர் முடிந்த அடுத்த வருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. சேரி மக்கள் தொடர்மாடிகளுக்குப் போனார்கள், அவர்களில் பலர் விரும்பிப் போகவில்லை. இராணுவத்தின் மேற்பார்வையில் இடம்பெயர்வது எப்படி என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லயன்களுக்கு இந்த இரண்டு முகமும் காட்டப்படவில்லை. பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தில் பெருந்தோட்டத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது, ஆனால் லயனில் இருந்தவரின் கைக்குக் காணி வந்து சேரவில்லை. ஏன்?

1948 குடியுரிமைச் சட்டத்தோடு இங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். கொழும்பில் வாடகைக்காரர் உரிமையாளரான 1973இல் லயனில் இருந்த பலரிடம் எந்த நாட்டின் பிரசா உரிமையும் இருக்கவில்லை. எஞ்சியோரின் கணக்கு 2003 சட்டத்தோடுதான் முடிந்தது. இதற்கிடையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, குத்தகைக் காலம் 2045 வரை. ஆகவே லயன் நிற்கும் நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, குடியிருப்பது தொழிலாளி. மூன்றாமவருக்கு இருப்பது வேலையோடு ஒட்டிய ஓர் இருப்பிடம் மட்டுமே. காணி உறுதி கிடையாது, பலருக்குத் தனி முகவரியும் கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குத்தான் வரும்.

உள்ளூராட்சியும் இதே கதைதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். வாக்குப் போடலாம், வீதி கேட்க முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா பிரதேச சபையைப் பிரித்து அக்கரப்பத்தனைக்கும் கொட்டகலைக்கும் புதிய சபைகள் உருவாகின.

காணி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு கணக்கைப் பார்ப்போம். 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் மொத்தம் 50,000 வீடுகள். வடக்கு கிழக்குக்கு 46,000, மலையகத்துக்கு 4,000. வடக்கில் 2012இல் வேலை முழுவீச்சில் தொடங்கியது. பயனாளியின் வங்கிக் கணக்குக்குத் தவணையாகப் பணம் வந்தது, நாங்களே கல் அரிந்து கட்டினோம். மலையகத்தின் 4,000 வீடுகள் தொடங்கியது 2016இல். திட்டம் ஒன்று, நன்கொடையாளர் ஒருவர். மலையகத்தில் ஒவ்வொரு துண்டு காணியையும் முதலில் கம்பனியிடமிருந்து விடுவிக்க வேண்டியிருந்தது.

வன்னியில் எல்லோருக்கும் அது இலகுவாக இருந்தது என்றும் எழுத மாட்டேன். எங்கள் குடும்பம் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய அரச காணியில் முப்பது வருடம் இருந்தது. மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, "காணிக்கு என்ன ஆவணம்?" என்று ஓர் அதிகாரி கேட்டார். எங்களிடம் இருந்தது அம்மாயியும் அவர் நட்ட பலாமரமும். அனுமதிப்பத்திரம் கிடைத்த நேரம் வீட்டுத்திட்டத்தின் முதற்பட்டியல் முடிந்திருந்தது. 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்களில் இந்த அனுபவம் எனக்கு மட்டும் உரியதல்ல. வடக்கில் எங்கள் ஆட்கள் அவர்களை 'தோட்டக்காட்டார்' என்று சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான்.

டயகம அம்மாவின் காம்பராவுக்குப் பின்னால் ஒரு குசினி இருந்தது. பலகையும் தகரமும். "இது நாங்களா கட்டுனது தம்பி. கேட்டா கட்டக் கூடாதும்பாங்க. கேக்காம கட்டுனா பாத்துட்டுப் போயிருவாங்க." சட்டப்படி பார்த்தால் அவர் இஸ்தோப்பிலும் அறையிலும் இருக்கும்போது தோட்டத்து வாசி, நாலடி பின்னால் வந்து சோறு வடிக்கும்போது அத்துமீறியவர். மகன் கொழும்பில் கடையில் வேலை, மருமகள் ஆடைத் தொழிற்சாலையில். வீட்டில் தோட்டத்தில் பேர் போடுகிற ஆள் இப்போது யாருமில்லை. அப்படியானால் இந்தக் காம்பரா யாருக்கு என்று எவரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை. யுஎன்-ஹபிடாட்டின் ஐந்தில் கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது இதுதான், மற்ற நான்கையும் தீர்மானிப்பதும் இதுதான். தனக்கென்று எழுதப்படாத சுவருக்கு யார் சீமெந்து பூசுவார்?

பாதுகாப்பற்ற இடம் என்று தெரிந்தும் விட்டுப் போக முடியாததும் அதனால்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். ஆனால் போவதற்கு மாற்றுக் காணி இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது அரச கொள்கையாக வேகம் பிடித்தது. தனிவீடு நல்லதுதான், நானும் பார்த்தேன், பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுகிறார்கள். ஆனால் வீடுகள் வந்துசேரும் வேகம் லயன் தகரம் துருப்பிடிக்கும் வேகத்துக்கு ஈடாகவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்தபோதும் பெருந்தொகையானோர் லயன்களில்தான் இருந்தார்கள்.

புறப்படும்போது அந்த அம்மா கேட்டார், "கிளிநொச்சில ஒங்களுக்கு உறுதி இருக்கா தம்பி?"

"உறுதி இல்லம்மா. அனுமதிப்பத்திரம்தான்."

"அதாச்சும் இருக்கே" என்றவர், பீலியில் தண்ணீர் வரும் நேரம் என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.